பூட் ஆகாத ராஸ்பெர்ரி பை 4: முதலில் கேபிளைப் பாருங்கள்

தன்னுடைய ராஸ்பெர்ரி பை 4 (கையளவே உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்) பூட் ஆகவில்லை, அதாவது ஆன் செய்தாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) தொடங்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கட்டுமா என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

பூட் ஆகவில்லை என்றதும் எல்லோரும் ஓஎஸ் இருக்கும் எஸ்டி கார்டின் மேல்தான் பாய்கிறார்கள். திரும்பத் திரும்ப அதில் இமேஜ் (ஓஎஸ்ஸின் முழு நகல்) எழுதுகிறார்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கார்டைக் கழற்றிவிட்டு, பவர் போர்ட்டை ஒட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டி ஆன் செய்யுங்கள். பூட்லோடரின், அதாவது ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் சிறிய புரோகிராமின், தகவல் திரை வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. வராவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். கார்டில் இமேஜ் எழுத உதவும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற புரோகிராமில் பூட்லோடரை மீட்கும் இமேஜ் இருக்கிறது. அதை ஒரு கார்டில் எழுதிச் செருகினால், ஈப்ராம் என்ற மெமரியில் இருக்கும் பூட்லோடர் கெட்டுப்போயிருந்தாலும், பிராசஸர் சிப்புக்குள் அழியாமல் இருக்கும் பூட் ரோம் (ROM) கார்டைப் படித்து அதைத் திரும்ப எழுதவைத்துவிடும். பச்சை எல்இடி விடாமல் வேகமாக மின்னினால் வேலை முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே இந்தப் போர்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பச்சை எல்இடி விட்டுவிட்டு மின்னினால் எண்ணிப் பாருங்கள். 4 என்றால் பூட்டுக்குத் தேவையான ஸ்டார்ட் ஃபைல் இல்லை, 7 என்றால் ஓஎஸ்ஸின் மையமான கர்னல் இல்லை. இரண்டுமே கார்டு விவகாரம். 8 என்றால் மெமரியிலேயே கோளாறு, அப்போது கவலைப்படலாம்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்: பவர். என்னுடைய போர்டு ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் பாதியில் நிற்கும். கார்டு புதிது, ஓஎஸ் புதிது. கடைசியில் போர்டின் 4 (5 வோல்ட்), 6 (கிரவுண்டு) பின்களில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. யூஎஸ்பி டிஸ்க் சுழலத் தொடங்கியதும் எண் சரசரவென்று இறங்கி 4.5-க்கு வந்தது. சிவப்பு எல்இடி அணைந்து அணைந்து எரிந்தது, பச்சை அப்படியே நின்றுபோனது. சார்ஜரில் 5 வோல்ட் 3 ஆம்ப் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். வோல்ட்டைத் தின்றது கேபிள். அதன் மெல்லிய கம்பியில் கால் ஓம் தடை இருந்தால் போதும், 2 ஆம்ப் இழுக்கும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். போன் என்றால் பேட்டரி தாங்கிக்கொள்ளும், சார்ஜ் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இந்தப் போர்டோ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே எச்சரிக்கத் தொடங்கிவிடும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால் கார்டும் கெடும், பழியும் கார்டின் மேலேயே விழும்! கம்பெனியின் சொந்த அடாப்டரில் கேபிள் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகிறது, வோல்டேஜும் 5.1. காரணம் இதுதான்.

2019-இல் வந்த முதல் போர்டுகளுக்கு இன்னொரு வம்பும் உண்டு. யூஎஸ்பி-சி போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று சார்ஜருக்குக் காட்டும் இரண்டு சிசி பின்களுக்கும் ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டதால், தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் ஈ-மார்க் சிப் உள்ள நல்ல கேபிளைச் செருகினால் சில சார்ஜர்கள் இதை ஆடியோ கருவி என்று எண்ணி மின்சாரமே தராது. பிறகு அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய போர்டு கையில் இருப்பவர்கள் இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தடித்த கம்பியுள்ள அடாப்டருக்கு மாறிய பின் என் போர்டு ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. இரவு பகலாக ஓடுகிறது, சூடும் பரவாயில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனாலும் நண்பரிடம் புதிதாக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பை 5 இன்னும் மோசம், 5 வோல்ட்டில் 5 ஆம்ப் கேட்கிறது. நம்மிடம் இருக்கும் சார்ஜர்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் 3 ஆம்புக்கு மேல் தராது. கையில் இருப்பதற்கு நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிப் போடட்டும். இன்னொரு சர்வர்தான் வேண்டும் என்றால் பழைய லேப்டாப்பே போதும், அதில் பேட்டரியாவது இருக்கிறது.