ஆடாசிட்டியின் டிஸ்டார்ஷன்: பஜனைப் பதிவுகளில் கண்ட பயனும் தொல்லையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில்களில் நடக்கும் பஜனைகளையும் காவடித் திருவிழாப் பாடல்களையும் பல ஆண்டுகளாக ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தொகுத்து வருகிறேன். அவற்றைக் கேட்பவர்களில் பெரும்பாலோர், ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் உறவினர்கள் உட்பட, வாட்ஸ்அப்பில் வந்ததைக் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரிலேயே கேட்கிறார்கள். அதில் முதலில் காணாமல் போவது மிருதங்கத் தொப்பியின், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தின், ஒலிதான். கிட்டார்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று நான் ஒதுக்கிவைத்திருந்த டிஸ்டார்ஷன், அதாவது ஒலியின் அலைவடிவத்தை வேண்டுமென்றே சிதைக்கும் எஃபெக்ட், அந்த ஒலியை மீட்கத்தான் எனக்குப் பயன்படுகிறது.

100 ஹெர்ட்ஸ் ஒலியை அத்தகைய ஸ்பீக்கரால் சரிவர எழுப்ப முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து கேட்டால், இல்லாத 100 ஹெர்ட்ஸைச் செவியே ஊகித்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் உண்டாக்குவதும் இந்த மடங்குகளைத்தான். டிராக்கை நகலெடுத்து, நகலில் 150 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை லோ-பாஸ் ஃபில்டரால் குறைத்து, நகலுக்கு மட்டும் டிஸ்டார்ஷன் கொடுத்து, மூலத்தைவிட ஏறத்தாழ 12 டெசிபல் தாழ்த்திக் கலக்கிறேன். முழுப் பதிவின் மீதும் போட்டால் குரலும் ஆர்மோனியமும் ஒன்றோடொன்று பின்னி, இரண்டிலும் இல்லாத புதுச் சுரங்கள் கிளம்பும். பஜனைக்கு அது ஆகாது.

ஆடாசிட்டியின் டிஸ்டார்ஷன் பட்டியலில் பதினொரு வகைகள் இருந்தாலும் நான் நாடுபவை இரண்டே. ‘ஈவன் ஹார்மோனிக்ஸ்’ இரட்டைப்படை மடங்குகளை மட்டுமே சேர்ப்பதால், தனியாகப் பயன்படுத்தும்போது தொப்பி ஒரு ஸ்தாயி மேலே ஏறியதுபோல் கைப்பேசியில் ஒலிக்கிறது. ‘சாஃப்ட் ஓவர்டிரைவ்’ தருபவை ஒற்றைப்படை மடங்குகள். இரண்டையும் அளவாக, அடுத்தடுத்துக் கொடுத்தால்தான் அடி தன் இடத்தில் வந்து உட்காருகிறது. முதல் வகை அலைவடிவத்தை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுவதால், ‘டிசி பிளாக்கிங் ஃபில்டர்’ பெட்டியில் டிக் போட்டே ஆக வேண்டும். ‘ஹார்டு லிமிட்டர் 1413’ என்ற பெயரை நம்பி மாஸ்டரிங்குக்கு, அதாவது பதிவை வெளியிடுமுன் செய்யும் இறுதி மெருகேற்றலுக்கு, எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உச்சிகளை அப்படியே வெட்டுவது, அவ்வளவுதான். அந்த வேலைக்குத் தனியாக உள்ள லிமிட்டரே உகந்தது.

ஜால்ரா ஒலிக்கும் டிராக்கை நேரடியாக டிஸ்டார்ஷனுக்கு உட்படுத்துவது தனித் தலைவலி. 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதியும்போது, 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலிக்கும் இடமில்லை. 9,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்தாம் மடங்கான 45,000 ஹெர்ட்ஸ், போக இடமின்றி மடங்கித் திரும்பி 900 ஹெர்ட்ஸில், அதாவது பாடகரின் குரல் எல்லைக்குள்ளேயே, சுருதி சேராத சத்தமாக விழும். டிராக்கை முதலில் 96,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு மாற்றி (ரீசாம்பிள் செய்து), டிஸ்டார்ஷன் கொடுத்தபின் 44,100-க்குத் திரும்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. இதை மென்பொருளே செய்துகொள்ளும் வசதி இந்த எஃபெக்டில் இல்லை என்பதை அதன் பெரிய குறையாகக் கருதுகிறேன். பணம் கொடுத்து வாங்கும் பல பிளக்-இன்களில் ‘ஓவர்சாம்பிளிங்’ என்று தனிப் பொத்தானே இருக்கிறது.

2022-இல் வந்த 3.2 பதிப்புக்குப் பிறகு வேலை வெகுவாக எளிதாகிவிட்டது. அதற்கு முன்பு எஃபெக்டைப் போட்டால் டிராக்கே மாறிவிடும், பிடிக்காவிட்டால் அன்டூ செய்ய வேண்டும். இப்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவை மாற்றலாம், தேவைப்பட்டால் அணைத்தும் வைக்கலாம். ஆனாலும் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ஒலியளவையும் சேர்த்தே ஏற்றிவிடும் என்பதால், போட்டதும் போடாததும் ஒரே அளவில் கேட்கும்படி அவுட்புட்டைத் தாழ்த்திவைத்த பின்னரே எது மேல் என்று முடிவுசெய்கிறேன்.