தஹிதியா, ரரோடோங்காவா, சமோவாவா?

பசிபிக் பெருங்கடலின் தீவுக்கூட்டமான பாலினேசியா என்று தேடினால் வந்து விழுவது ஒரே படம்தான்: பச்சை கலந்த நீலத் தண்ணீர், அதில் மரக்கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரை அறைகள். அது போரா போரா தீவு. அங்கே ஓரிரவுக்குக் கேட்கும் வாடகையில் நம்மூரில் சின்னதாக ஒரு கல்யாண மண்டபமே பிடித்துவிடலாம். தேனிலவுக்குச் சரி. தீவு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுபவர் வேறு இடம் பார்ப்பது நல்லது. அதனால் அதை விட்டுவிட்டு மூன்றை எடுத்துக்கொள்வோம்: தஹிதியும் பக்கத்து மொரேயாவும், குக் தீவுகளின் ரரோடோங்காவும் ஐடுடாகியும், அப்புறம் சமோவா. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து மூன்றுக்குமே நான்கைந்து மணி நேர விமானப் பயணம்தான்.

முதலில் தண்ணீர். எரிமலைத் தீவுக்கு வயதாக ஆக, அது மெல்லக் கடலுக்குள் அமிழும். அதைச் சுற்றியுள்ள பவளப்பாறையோ மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே விரியும் அலையில்லாத நீர்ப்பரப்புதான் லகூன். தீவு எவ்வளவு கிழடோ லகூன் அவ்வளவு அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐடுடாகி அப்படியொரு கிழட்டுத் தீவு. நிலம் கொஞ்சம், முக்கோணமாகச் சூழ்ந்த பவளத்திட்டுக்குள் லகூன் ஏராளம். படகில் ஏறினால் மோட்டு எனப்படும் மணல்திட்டு ஒவ்வொன்றாக இறங்கி ஏறலாம். ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக் குனிந்தால் ராட்சதச் சிப்பிகள் நீலமும் ஊதாவுமாக வாயைத் திறந்து வைத்திருக்கும். நீச்சல் சரியாக வராதவருக்கும் குழந்தைகளுக்கும் இதைவிடச் சாதுவான கடல் கிடைப்பது கஷ்டம்.

சமோவாவில் கதை வேறு. சவாயி தீவில் 1905 முதல் 1911 வரை எரிமலை பொங்கியது. சலேயாவுலாவில் தேவாலயத்துக்குள் புகுந்து இறுகிப்போன லாவாவை இன்றும் பார்க்கலாம். இப்படிப்பட்ட தீவில் லகூன் குறுகல், பல இடங்களில் கரையே கரும்பாறை. ஆனால் அந்தப் பாறைதான் சமோவாவின் வேடிக்கையும். உப்போலு தீவின் டோ சுவா, சுமார் 30 மீட்டர் ஆழக் குழிக்குள் கடல்நீர் தேங்கிய இயற்கைக் குளம். செங்குத்தான மர ஏணியில் இறங்க வேண்டும், உயரம் என்றால் பயப்படுபவர் மேலேயே நின்றுவிடுவார். சவாயியின் அலோஃபாகாவில் பாறைத் துளை வழியே கடல் பீய்ச்சி அடிக்கும். ஊர்க்காரர் ஒருவர் அலை வரும் நேரம் பார்த்துத் துளைக்குள் தேங்காயை வீசுவார், அது வாணம்போல மேலே போகும்.

தஹிதிக்கு வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே கறுப்பு மணல் கடற்கரைகளே அதிகம். தலைநகர் பாப்பியேட்டியிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மொரேயா. அங்கே ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மீன்களும் கருமுனைச் சுறாக்களும் காலருகே சுற்றும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை திமிங்கிலங்களும் வரும். அழகு என்று பார்த்தால் மலையும் விரிகுடாவும் சேர்ந்த மொரேயாவுக்கே என் ஓட்டு.

இனி பண்பாடு. இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் அது நடக்குமா?

ரரோடோங்காவில் ஹோட்டல்களின் 'ஐலண்ட் நைட்' நடனம் அருமையாகவே இருக்கும். ஆனால் அது பஃபே சாப்பாட்டோடு விற்கப்படும் நிகழ்ச்சி. அதைவிட ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆணும் பெண்ணும் எதிரெதிராகக் குரல் எழுப்பும் பாட்டு கூரையைத் தூக்கும். மற்றபடி ஊர் சுற்றுவது சுலபம்: 32 கிலோமீட்டர் வட்டச் சாலை, ஒரு பஸ் வலமாகப் போகும், இன்னொன்று இடமாக வரும்.

தஹிதியில் ஜூலை மாதம் ஹெய்வா எனும் நடன, விளையாட்டு விழா. மிஷனரிகளின் செல்வாக்கில் 1819இல் மன்னர் போமாரே கொண்டுவந்த சட்டம் நடனத்தைத் தடை செய்தது. 1881இல் பிரெஞ்சுத் தேசிய நாள் கொண்டாட்டமாகத் தொடங்கிய விழாவுக்குள் நடனம் மெல்லத் திரும்பி நுழைந்தது. இன்று குழுக்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துப் போட்டியிடுகின்றன. நடுவர்களும் கூட்டத்தில் பெரும்பாலோரும் உள்ளூர்க்காரர்கள். கல் தூக்குவது, பழக்காவடி சுமந்து ஓடுவது எல்லாம் தனி. ஆனால் ஜூலை தவறினால் மிஞ்சுவது பிரெஞ்சு விலைவாசியும் துறைமுகத்துக் கையேந்திபவன் வண்டிகளும்தான். அந்த வண்டிகளில் எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனைத் தேங்காய்ப்பாலில் புரட்டித் தருவார்கள், அதைத் தவறவிட வேண்டாம்.

சமோவாவில் பண்பாட்டைக் காண மாதம் பார்க்க வேண்டியதில்லை. லாலோமானு கடற்கரையில் ஃபாலே என்ற குடிலில் தங்கலாம்: நாலாபுறமும் தூண், சுவர் கிடையாது, மழை வந்தால் இறக்கிவிட ஓலைத் தட்டி, உள்ளே மெத்தையும் கொசுவலையும். கிராமங்களில் மாலையில் சங்கோ மணியோ ஒலித்தால் 'சா' எனும் பிரார்த்தனை நேரம். லுங்கிபோல லாவாலாவா கட்டிய ஆண்கள் சாலையோரம் நிற்பார்கள். அது முடியும்வரை நீங்களும் நடக்கக் கூடாது. பெரியவர்கள் முன் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. கடற்கரைகள் பெரும்பாலும் கிராமத்துக்குச் சொந்தம், இறங்கச் சின்னதாக ஒரு கட்டணம். ஞாயிறன்று சில ஊர்களில் குளிக்கவே விடமாட்டார்கள். காலையில் சூடான கற்களில் வைத்த சீமைப்பலாவும், தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய சேப்ப இலைப் பொட்டலமும் வேகும் புகை ஊர் முழுக்கப் பரவும்.

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு ரரோடோங்கா–ஐடுடாகி. ஜூலையில் விடுப்பும் பையில் பணமும் இருந்தால் தஹிதி. இரண்டும் இல்லை, சுவரில்லாமல் தூங்கச் சம்மதம் என்றால் சமோவா. ஒன்றே ஒன்று என்றால் நான் அதைத்தான் சொல்வேன். திமிங்கிலத்தோடு நீந்துவதே லட்சியம் என்பவர் இந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு டோங்கா நாட்டின் வவாவு தீவுகளைப் பார்க்கலாம். எங்கே போனாலும் மே முதல் அக்டோபருக்குள் போங்கள், நவம்பர் வந்தால் புயல் காலம். இன்னொன்று: தஹிதி அடங்கிய பிரெஞ்சு பாலினேசியா, ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சுற்ற விடும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. தஹிதிக்கு டிக்கெட் போடுமுன் விசாவைத் தூதரகத்தில் விசாரித்துவிடுங்கள். ஆக்லாந்தில் விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசாவையும்தான்.