பேரனுக்காகப் பாளையங்கோட்டையில் இரண்டரை வருஷம்

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. பேரனுக்கு இப்போது ஏழு வயது நடக்கிறது. மூன்று வயதில் ஆட்டிசம், அதாவது பேசிப் பழகுவதைப் பாதிக்கிற வளர்ச்சிக் குறைபாடு என்று சொன்னார்கள். மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். மகள், நான், என் வீட்டுக்காரி மூன்று பேரும்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். நான் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வருகிற பொறுப்பு என்னுடையது. முதல் பதினான்கு மாதம் ஊரில் இருந்தே தெரபிக்குப் போய் வந்தோம். அப்புறம் பாளையங்கோட்டை மகாராஜநகர்ப் பக்கம் வீடு பிடித்தோம். “பிள்ளைக்காக எந்த ஊருக்குக் குடிபோகலாம் அண்ணாச்சி?” என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஏறினால் பாளை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேரனுக்கு ஏர்ஹாரன் சத்தம் ஆகவே ஆகாது. சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்துவிடுவான். அந்த நிலையில் போய் இறங்கினால் முக்கால் மணி நேர வகுப்பில் பாதி நேரம் அவனைத் தணிக்கவே போய்விடும். ஒரு வகுப்புக்கு 500 ரூபாய். காசு போகிறதே என்பதைவிட, பிள்ளை கற்றுக்கொள்கிற தெம்பையெல்லாம் ரோட்டிலேயே செலவழித்துவிட்டு வருகிறானே என்பதுதான் எங்களுக்கு வலித்தது. செங்கோட்டை ரயில் அவனுக்குப் பிடிக்கும். ஒரே ஜன்னல், ஒரே தாளம், அமைதியாக வருவான். ஆனால் ரயில் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துவரவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி இன்னொரு ஆட்டோ வேறு பிடிக்க வேண்டும்.

ஆட்டிசம் இருக்கிறதா என்கிற மதிப்பீட்டைப் பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில்தான் முடித்தோம். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு 112 வந்தது. 1995ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதனால்தான் இன்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கிறது. அட்டை வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளிக்கூடம், உதவித்தொகை என்று எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

நாங்கள் முதலில் சேர்த்த சென்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பளபளவென்று கண்ணாடிக் கதவு. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். “ஆறு மாதத்தில் நார்மல் பிள்ளையாக்கித் தருகிறோம்” என்றார்கள். பெற்றோர் உள்ளே போகக் கூடாது. கதவுக்கு வெளியே நின்று அவன் அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் அம்மா அழுதாள். உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் “நல்லா பண்றான்” என்பதோடு சரி. நான்காம் மாதம் நிறுத்திவிட்டோம். ஆட்டிசம் மாத்திரையில் குணமாகிற காய்ச்சல் இல்லை. இத்தனை மாதத்தில் மாற்றிவிடுவேன் என்று கெடு சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சிறப்பாசிரியருக்கு, அவர்களைப் பதிவு செய்கிற மத்திய அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். முறையாகப் படித்தவர்கள் கோபப்படாமல் எடுத்துக் காட்டுவார்கள்.

இப்போது போகிற இடம் எங்கள் வாடகை வீட்டில் இருந்து ஆறு நிமிட நடை. பழைய ஓட்டு வீடு, மூன்று அறை, நான்கு டீச்சர்கள். சுவரில் கார்ட்டூன் படமெல்லாம் கிடையாது. அவனுக்கு அதுவே நல்லது, கண் சிதறுவதில்லை. அம்மாவோ தாத்தாவோ யாராவது ஒருவர் கட்டாயம் உள்ளே உட்கார வேண்டும் என்பது அங்கே விதி.

அவனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போவான். அங்கே போய் என்ன வேண்டும் என்று காட்டத் தெரியாமல் தரையில் தலையை மோதுவான். டீச்சர் முதலில் கண்ணாடி டம்ளர் அச்சடித்த அட்டையைக் கொடுத்துப் பழக்கினார். பத்து நாளாகியும் பலன் இல்லை. ஒரு சாயங்காலம் “சார், நான் உங்க வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்” என்று வந்தார். அடுப்படியில் நின்று பார்த்தார். எங்கள் வீட்டில் அவன் தண்ணீர் குடிப்பது ஒரு சின்ன பித்தளைச் சொம்பில். விளிம்பில் ஒரு நெளிவு இருக்கும். டீச்சர் அந்தச் சொம்பையே நெளிவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அட்டையில் ஒட்டி, அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் கதவில் மாட்டினார். பத்தொன்பதாம் நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பேப்பருக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு கை வந்தது. கையில் அந்த அட்டை. என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு அட்டையை மறுபடியும் கதவில் மாட்டப் போனான்.

டீச்சர் பக்கத்தில் இருந்ததால்தான் வீட்டுக்கு வர முடிந்தது. 35 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் அந்தச் சொம்பை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட, நல்ல டீச்சர் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்ப்பதுதான் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அங்கேயும் குறை உண்டு. பேச்சுப் பயிற்சி தருகிற ஸ்பீச் மிஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். சின்ன வயது டீச்சர்கள் கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். போன வருஷம் ஒருவர் போனபோது பேரன் இரண்டு மாதம் யாரிடமும் ஒட்டவில்லை. சம்பளத்தை இன்னும் கூட்டிக் கொடுத்தால் சிலராவது தங்குவார்கள் என்று பொறுப்பாளரிடம் நேரில் சொன்னேன்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளில் பல பேருக்குத் தண்ணீர் என்றால் தனி இழுப்பு, கண்ணிமைக்கிற நேரத்தில் வெளியே ஓடியும் விடுவார்கள். பாளையங்கால்வாய் மேலப்பாளையம், குலவணிகர்புரம் வழியாக ஊருக்குள் வருகிறது. அதன் கரையோரம் 6,000 ரூபாய்க்கு நல்ல வீடு ஒன்று கிடைத்தது. வேண்டாமென்று விட்டுவிட்டு 8,500 கொடுக்கிறோம். தரைத்தளம், கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தாழ்ப்பாள். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் ஆற்றோரத்தையும் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் அங்கே எந்த அளவுக்கு ஏறியது என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் தசரா. பாளையில் சப்பரங்கள் வருகிற தெருக்களில் ராத்திரி முழுக்க மேளம் அடங்காது. முதல் வருஷம் அது தெரியாமல் நண்பர் வீட்டில் தங்கி, விடியவிடிய அவனைத் தோளில் போட்டு நடந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பாளையில் பஞ்சமே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கிய ஊர் இது. அந்த ஊரிலேயே ஒரு பெரிய பள்ளியில் “மற்ற பெற்றோர் குறை சொல்வார்கள்” என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டப்படி அப்படி மறுக்க முடியாது. மல்லுக்கு நிற்க மகளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை “வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று சேர்த்துக்கொண்டார். இப்போது பதினொரு மணி வரை அங்கே இருக்கிறான். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருகிறார். இன்னும் ஒரு நாள் வந்தால் நன்றாக இருக்கும்.

தென்காசி, கடையம், பாவூர்சத்திரம் பக்கம் இருப்பவர்கள் பாளைக்குக் குடிவர அவசரப்பட வேண்டாம். ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் ஆரம்பித்தது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியை அவர்களுடைய பணியாளர்கள் கிராமங்களுக்கே போய்ச் செய்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். சென்னைக்குப் போவதென்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்து, வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டு வரலாம். ஆச்சி, மாமா, சித்தி என்று தாங்கிப் பிடிக்கிற ஆட்களை விட்டுவிட்டு அங்கேயே குடிபோவதை நான் சொல்ல மாட்டேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கல்லிடைக்குறிச்சியில் இருந்து அவள் சித்தி மறுநாள் காலை வந்து நிற்கிறாள். தெரபியைப் போல அதுவும் இந்தப் பிள்ளைக்குத் தேவை.

வருகிற தையோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரர் 500 ரூபாய் கூட்டிக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அடுப்படிக் கதவில் இப்போது பதினேழு அட்டை தொங்குகிறது.