6,800 ரூபாய்க்கு மாவு உருண்டை: மீன் தீவனம் ஆன்லைன்ல வாங்குறவங்க படிங்க

கலர் மீன் வளர்க்கிறவங்க, முக்கியமா கப்பி, கோல்ட்ஃபிஷ் வச்சிருக்கிறவங்க, தயவுசெய்து இதைப் படிச்சிட்டு மேல போங்க. 6,800 ரூபாய் போயிருக்கு, வயிறு எரியுது. தீவன லேபிளை எப்படிப் படிக்கணும்னு கடைசியில விளக்கமா எழுதுறேன். முதல்ல எனக்கு வித்தவன் செஞ்ச வேலையைக் கேளுங்க.

மொட்டை மாடியில தொட்டி கட்டி கப்பியும் ஒராண்டாங்கிற கோல்ட்ஃபிஷ் வகையும் வளர்க்கிறேன். குஞ்சு பெருகினா சென்னை கொளத்தூர்ல ரெண்டு மூணு கலர் மீன் கடைக்குக் கொடுப்பேன், தீவனக் காசு தேறும். நல்ல வெளிநாட்டு பெல்லட் (உருண்டைத் தீவனம்) 100 கிராம் டப்பாவா வாங்கி இத்தனை தொட்டிக்குப் போட்டா கட்டுப்படியாகாது. இது தெரிஞ்சுதான் இவனுங்க கடை விரிக்கிறாங்க. இன்ஸ்டாவுல ஒரு பக்கம். பேர் போடல, போட்டா நாளைக்கே வேற பேர்ல திறப்பான். "இம்போர்ட்டட் தீவனம், மொத்த மூட்டையா இறக்குறோம், டப்பா காசு உங்களுக்கு மிச்சம்." கிலோ 1,700. நாலு கிலோ எடுத்தா கொரியர் ஃப்ரீ.

சும்மா வாங்கிடல. போன் போட்டுக் கேட்டேன், "தம்பி, முதல் பொருள் என்ன?" அவன் ஒரு நொடி கூட யோசிக்கல. "ஹோல் ஃபிஷ் மீல் அண்ணா, முழு மீனை அரைச்ச தூள். தலை, முள்ளு அரைச்ச தூள் கிடையாது. அடுத்து கிரில் (இறால் மாதிரி சின்ன கடல் உயிரி), ஸ்பைருலினா (பாசித் தூள்). கோதுமையும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். பைண்டர், அதாவது பிடிச்சு நிறுத்த ஒரு பசை, இல்லாம பெல்லட் நிக்காதுல்ல?"

அந்த இடத்துலதான் அவனை நம்பினேன். கோதுமையே கிடையாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே போனை வச்சிருப்பேன், ஏன்னா பிடிப்புக்கு ஏதோ ஒரு மாவோ பசையோ சேராம பெல்லட் நிக்காது, பெரும்பாலும் கோதுமைதான் போடுவாங்க. இவன் தானா முன்வந்து கோதுமையை ஒத்துக்கிட்டான். இருபது பொருள் வரிசையா அச்சடிச்ச லேபிள் போட்டோவும் வாட்ஸ்அப்ல வந்துச்சு. 6,800 ரூபாயை ஜிபேல தட்டிவிட்டேன்.

வந்தது நாலு வெள்ளி ஜிப் கவர். ஒவ்வொண்ணுலயும் கோணலா ஒட்டின ஒரு ஸ்டிக்கர். புரோட்டீன் 52%, இம்போர்ட்டட், கலர் பூஸ்டர். பொருட்கள்னு போட்டு, மீன் தூள், விட்டமின், மினரல், முதலியன. அவ்வளவுதான். போட்டோவுல இருபது, கவர்ல மூணு, மிச்சம் பதினேழும் அந்த 'முதலியன'வுக்குள்ள. பேக் பண்ண தேதி இல்ல, எம்ஆர்பி இல்ல, எந்த நாட்டுச் சரக்குன்னு இல்ல, இறக்குமதி பண்ணினவன் முகவரி இல்ல.

மோந்து பார்த்தா மீன் வாடையே இல்ல. பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. நாலு உருண்டையைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டேன். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு உருண்டையையும் சுத்தி ரோஸ் கலர் புகை மாதிரி இறங்குச்சு. அப்புறம் டம்ளர் முழுக்க ரோஸ். மீனுக்குச் சிவப்பு ஏத்தற அஸ்டாசாந்தின் கொழுப்புல கரையற பொருள், தண்ணியில இப்படி இறங்காது. இது சாயம். உருண்டையை விரல்ல நசுக்கினேன், பிசுபிசுன்னு மாவுப்பசை ஒட்டுச்சு.

அதுக்குள்ள ஒரு தொட்டிக்குப் போட்டாச்சு. கப்பி வாயில வாங்கி வாங்கித் துப்புது. கோல்ட்ஃபிஷ்தான் எதைப் போட்டாலும் தின்னுமே, ஒரு ஒராண்டா வயிறு ஊதி ஒருக்களிச்சு மிதந்துச்சு. தண்ணி வெள்ளையாக் கலங்கிப் போச்சு. குஞ்சு கொஞ்சம் செத்துச்சு. தீவனத்தாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா தண்ணியைக் கெடுத்தது அதுதான்.

இனிமேல்தான் கூத்து. டம்ளர் போட்டோவை அனுப்பினேன். "புது ஃபீட்னா மீனுக்கு செட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும் அண்ணா." டம்ளர்ல எங்கடா மீன் இருக்கு? மறுபடி கேட்டேன், உங்க தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு) அதிகமாம். அப்புறம், ஃபில்டரைக் கழுவினீங்களான்னு ஒரு கேள்வி. 6,800 ரூபாயைத் திருப்பிக் கொடுன்னு நேரடியாக் கேட்டதும் அண்ணா போய் சார் ஆயிடுச்சு. "சீல் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல சார். அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?" பிரிக்காம உள்ள இருக்கிறதை எப்படிய்யா பார்க்கிறது? சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னான். அதோட ப்ளூ டிக் மட்டும்தான் வந்துச்சு. அவன் இன்ஸ்டா பக்கத்துல கமென்ட் போட்டேன், அழிச்சிட்டு பிளாக் பண்ணிட்டான்.

என் மனைவி போன்ல இருந்து விசாரிக்கச் சொன்னேன். "ஃப்ரெஷ் ஸ்டாக் வந்திருக்கு அக்கா"ன்னு அதே லேபிள் போட்டோ வந்துச்சு. இந்தத் தடவை பெருசு பண்ணிப் பார்த்தேன். மூலையில பாதி வெட்டுப்பட்டு, நிகர எடை 100 கிராம். மொத்த மூட்டையில 100 கிராம் லேபிள் எப்படி வரும்? எவனோட டப்பாவையோ படம் பிடிச்சு, பேர் தெரியாம வெட்டி அனுப்பியிருக்கான். உள்ள போட்டது என்ன சரக்குன்னு அவனுக்கே தெரியுமோ என்னவோ.

விளக்கமா எழுதுறேன்னு சொன்னேன். மாடியில இன்னும் தண்ணி மாத்தி முடியல, அதனால சுருக்கமா.

புரோட்டீன் நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. லேப்ல தீவனத்துல இருக்கிற நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கித்தான் அந்த நம்பரை எடுக்கிறாங்க. அது மீன்ல இருந்து வந்துச்சா, கோழி இறகுத் தூள்ல இருந்து வந்துச்சா, யூரியாவான்னு நம்பர் சொல்லாது. 2007ல அமெரிக்காவுல நாய், பூனைத் தீவனத்துக்குள்ள நைட்ரஜன் நிறைஞ்ச மெலமைன்ங்கிற கெமிக்கல் நுழைஞ்சது இதே ஓட்டை வழியாத்தான். என் ஆளுக்கு லேபே தேவைப்பட்டிருக்காது, ஸ்டிக்கர் அடிக்க ஒரு பிரின்டர் போதும்.

நல்ல கம்பெனி பொருட்களை எடை வரிசையில போடும், அதிகமா இருக்கிறது முதல்ல. கோதுமை மாவு, கோதுமை குளூட்டன், கோதுமை முளைன்னு தனித்தனியா போட்டிருந்தா மூணையும் கூட்டிப் பாருங்க, முதல்ல நிக்கிற மீன் தூள் பின்னாடி போனாலும் போயிடும். 'முதலியன'ன்னு இருந்தா தொடவே தொடாதீங்க. தேதி, முகவரி, எம்ஆர்பி இல்லாத பாக்கெட்டை விக்கிறதே சட்டப்படி தப்பு. கவரைத் திருப்பி பின்பக்கம் வீடியோ அனுப்பச் சொல்லுங்க, முன்பக்கம் எவன் வேணாலும் காட்டுவான். கிலோக் கணக்குல ஆசை காட்டினா முதல்ல 50 கிராம் கேளுங்க. டம்ளர்ல போட்டுப் பார்த்துட்டுத் தொட்டிக்குப் போடுங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன். இந்த மாதிரி வெள்ளிக் கவர்ல வாங்கி ஏமாந்தவங்க கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் அப்படியே இருக்கட்டும். அவன் சாட்டை டெலீட் பண்றதுக்கு முன்னாடி இப்பவே எடுத்து வச்சிடுங்க.