டின்னின் பின்பக்கத்துக்கு ஐந்துக்கு நாலு, தொலைபேசிக்கு ஒன்று

வெள்ளவத்தை பாமசி ஒன்றில் வாங்கிய, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கான பால்மா பற்றியது இது. பிள்ளை விரும்பிக் குடிக்குதா, வயிறு ஒத்துக்கொள்ளுதா என்பதைத் தாய்மார் எழுதட்டும். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள், எனக்கு டின்னின் பின்பக்கம்தான் வாசிக்க வரும். தங்கச்சியின் மகளின் பிள்ளைக்குத் தாய்ப்பால் போதாமல் டொக்டரே எழுதித் தந்தபடியால்தான் கடைக்குப் போனோம். தாய்ப்பால் காணும் என்றால் இந்தக் கதையே தேவையில்லை.

இரண்டு டின்களைக் கண்ணாடி மேசையில் வைத்ததுமே தங்கச்சியின் மகள், "பெரியம்மா, இதில புரதம் 10.2, மற்றதில 1.3தான். இதையே எடுப்பம்" என்றாள். முதலாவது 100 கிராம் மாவுக்கு எழுதிய கணக்கு. மற்றது கரைத்த பால் 100 மில்லிலீற்றருக்கு. ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் 100 கிலோகலோரிக்கு மாற்ற வேண்டும். அந்த மாவில் 510 கிலோகலோரி, ஆகவே புரதம் 2.0 கிராம். கரைத்த பாலில் 67, ஆகவே 1.94. வித்தியாசம் விலையில்தான். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் நியமம் 72, பசும்பாலில் செய்த மாவுக்கு 100 கிலோகலோரிக்குக் கேட்பது புரதம் 1.8 முதல் 3.0 கிராம் வரை, இரும்பு குறைந்தது 0.45 மில்லிகிராம். இரண்டும் தேறின. அந்த நியமத்தை யாரும் இணையத்தில் காசில்லாமல் எடுத்து வாசிக்கலாம். ஆனால் தூக்கமில்லாத தாய் ஒருத்தி கடையில் நின்று வகுத்தல் கணக்குச் செய்வாளா? 100 கிலோகலோரிக்கு ஒரு நிரல் எல்லா டின்னிலும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சேர்மானப் பட்டியல் பரவாயில்லை. கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற ஒழுங்கில் பொருள்கள் இருக்கின்றன. "தாவர எண்ணெய்கள்" என்ற இடத்தில் பாம், சூரியகாந்தி என்று பெயர் மட்டும் உண்டு, எது எவ்வளவு என்று இல்லை. ஒரு புள்ளி அங்கே போனது.

அதைக் கேட்கத்தான் டின்னிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் முதல் கேள்வியே அவளுடையது: குழந்தைக்கு எத்தனை மாதம், தாயின் போன் நம்பர் என்ன? விற்பனைப் பக்கத்து ஆட்கள் தாய்மாரை நேரடியாகத் தேடிப் போகக் கூடாது என்று தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பது பற்றிய உலக சுகாதார அமைப்பின் 1981ஆம் ஆண்டு நெறிக்கோவை சொல்கிறது. நம்பர் கொடுக்கவில்லை. பாம் எண்ணெய் எவ்வளவு? "அது கொம்பனி இரகசியம் மெடம்." சரி, இந்தத் தொகுதியின் ஆய்வுகூட முடிவையாவது காட்டலாமா? "அப்படி ஒருவருக்கும் குடுக்கிறேல்லை மெடம்."

ஆய்வு முடிவைக் கேட்பது வீண் சந்தேகமல்ல. வழமையான சோதனை நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் புரதம் என்று சொல்லும். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலுக்கு அதைப் போட்டார்கள், சோதனையில் புரதம் சரியாகவே காட்டியது. ஆறு குழந்தைகள் இறந்தன, மூன்று இலட்சம் அளவில் நோயுற்றன. அந்த டின்களின் பின்பக்கமும் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். (இதை வகுப்பில் சொன்னால் மாத்திரம் கடைசி வாங்கும் நிமிரும்.)

இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கொம்பனியை நேரே பிடிக்காது. ஆனால் இறக்குமதியின்போது அரசு செய்வித்த சோதனை முடிவு அரசிடம் இருந்தால் அதைக் கேட்கலாம், தமிழிலேயே. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுக்க வழியுண்டு, பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் அந்த மறுப்பு நிற்காது. விண்ணப்பம் எழுதியாயிற்று.

பாமசிக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. அலுமாரியிலிருந்து டின்களை ஒவ்வொன்றாக இறக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியும் தருகிறார் அந்த ஐயா. பின்னேரத்தில் சனம் கூட, காலையில் போங்கோ.