குழாய் மாடிக்குப் போகட்டுமா, நுட்புநர் கீழே வரட்டுமா?

அவசரப் பிரிவு, இரவு 2 மணி. நெஞ்சுவலியோடு வந்தவரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. அந்தக் குழாய் இனி எங்கே போக வேண்டும்?

மைய ஆய்வகத்துக்கு என்றால், பெரும்பாலும் உறவினர் ஒருவர்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார். சாதாரணக் குழாயில் ரத்தம் உறையவே சுமார் 30 நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் சீரத்தை, அதாவது மேலே தெளியும் நீரை, பிரிக்க முடியும். ஆனாலும் இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் உயரும் ட்ரோபோனின் என்ற புரதத்தை மிக நுண்ணிய அளவில் கண்டறிய அங்குள்ள பெரிய கருவிகளையே நான் நம்புவேன். கிருமி வளர்ப்புச் சோதனையும் அங்கேதான்.

ஆய்வக நுட்புநர் அவசரப் பிரிவிலேயே இருந்தால், ரத்த வாயுக் கருவி சில நிமிடங்களில் பொட்டாசியத்தையும், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது உயரும் லாக்டேட்டையும் காட்டிவிடும். கருவியின் பொத்தானைச் செவிலியரே அழுத்தலாமே என்பார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயரும். மைய ஆய்வகத்தில் சீரம் சிவந்திருப்பது கண்ணிலேயே தெரியும். சீரத்தைப் பிரிக்காமல் முழு ரத்தத்தையே சோதிக்கும் இத்தகைய கருவிகள் பெரும்பாலானவற்றில் தெரியாது. சலைன் ஏறும் கையில் எடுத்தார்களா, சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று கவனிக்கப் பழகிய கண் பக்கத்தில் வேண்டும். பல படுக்கைகளுக்கு இடையே ஓடும் செவிலியரிடம் இதையும் சுமத்துவது நியாயமில்லை.

ஒரே ஒரு கூடுதல் பணியிடம்தான் கிடைக்கும் என்றால், அதை அவசரப் பிரிவின் இரவுப் பணிக்கே கேட்பேன்.