மோர்-கூலம், ஹார்டனிங் சாயில், கான்கிரீட் டேமேஜ் மாடல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறை) போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. எந்த மென்பொருள் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். விடையை மாற்றுவது மென்பொருளைவிட நாம் எடுக்கும் மெட்டீரியல் மாடல்தான், அதாவது பாரத்துக்குப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் சூத்திரங்கள்.

மண்ணுக்கான எளிய மாடலான மோர்-கூலத்துக்கு ஐந்து உள்ளீடுகள் போதும். சரிவு நிற்குமா, அடித்தளம் தாங்குமா என்று பார்க்க இன்றும் அதையே எடுக்கிறேன். ஆழமான குழி தோண்டும் கணக்குக்கு மட்டும் வேண்டாம். பாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு ஒரே விறைப்புதான். நிஜ மண்ணோ பாரம் இறங்கும்போது பல மடங்கு விறைப்பாக இருக்கும். இதனால் கணக்கில் குழியின் அடிமண் அளவுக்கு மீறி மேலெழும்பி, தடுப்புச்சுவரையும் கூடவே தூக்கிவிடும். இன்னொரு மண் மாடலான ஹார்டனிங் சாயிலில் பாரம் இறங்குவதற்குத் தனி விறைப்பு உண்டு. சோதனைத் தரவு இல்லாவிட்டால் ஏற்றத்துக்கானதைப் போல 3 மடங்கு வைப்பது வழக்கம். சுவருக்குப் பின்னால் தரை இறங்கும் வடிவமும் அப்போதுதான் நம்பும்படி வருகிறது.

மென்களிமண்ணில் இன்னும் கவனம் வேண்டும். பயனுறு வலிமை அளவுகளை (மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் கழித்துப் பெற்றவை) கொடுத்து, நீர் வடியாத நிலையில் மோர்-கூலத்தை ஓட்டினால், நறுக்கத்தில் (மண் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும்போது) ஏறும் நுண்துளை நீரழுத்தம் கணக்கில் வராது. வலிமை கூடுதலாகக் காட்டும். 2004-இல் சிங்கப்பூரின் நிக்கோல் ஹைவே அகழ்வு சரிந்து நான்கு பேர் இறந்தார்களே, அதன் விசாரணையில் பேசப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று.

கான்கிரீட்டுக்கு அபாக்கஸ் மென்பொருளில் உள்ள டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாடல். அழுத்தத்தில் அருமையாக நடந்துகொள்ளும், சிரமமெல்லாம் இழுவையில்தான். இழுவை வளைவைத் தகைவு-திரிபாகக் கொடுத்தால், மெஷ்ஷை (எலிமென்ட்களின் வலையை) பொடியாக்கப் பொடியாக்க உத்தரம் சீக்கிரம் உடையும். முறிவு ஆற்றலாகவோ (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல்) விரிசல் அகலமாகவோ கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்புறம் கணக்கு நிற்காமல் ஓட உதவும் அந்த விஸ்காசிட்டி எண். கணக்கு பாதியில் நின்றால் அதை ஏற்றிவிடத் தோன்றும்; ஏற்றினால் இல்லாத வலிமை வந்து சேரும். அந்த எண்ணைப் பத்தில் ஒரு பங்காக்கி மறுபடி ஓட்டி, சுமை-விலகல் வளைவு மாறவில்லை என்று பார்த்த பிறகே விடையைக் கொடுக்கிறேன்.

எந்த மாடலானாலும் முதலில் ஒரே ஒரு எலிமென்ட்டில் ட்ரையாக்சியல் சோதனையை (மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி, மேலிருந்து நசுக்கும் சோதனை) ஓட்டி, ஆய்வக வளைவின் மேல் வைத்துப் பாருங்கள். சில நிமிட வேலைதான். அங்கே பொருந்தாத அளவுகளைப் பெரிய மாடலுக்குள் கொண்டுபோக வேண்டாம்.